கீழே விழுந்தது எங்கே போச்சு?



ஆண்டு மலருக்குக் கவிதை எழுதித் தர நம்ம கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நிலாவையும் காதலையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் எழுதப் போவது ஒரு வாஷரைப் பற்றி, ஒரு சர்கிளிப்பைப் பற்றி, உருண்டு ஓடிப்போன பால்ரஸ் குண்டைப் பற்றி. சிரிக்காதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் மண்டி போட்டு, லேத்துக்கு அடியில் தலையை விட்டு, "டேய், டார்ச் அடிடா!" என்று கத்தாத மெக்கானிக்கல்காரன் நம்மில் யார்?

எங்க அப்பாவுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் சைக்கிள் கடை. கடை என்றால் நாலு கம்பு, மேலே தகரம், ஒரு பம்ப், ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். அப்பா மூணாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மா பள்ளிக்கூடமே போகவில்லை. எங்க வீட்டில் பத்தாவது பாஸ் பண்ணி, மேலே படிக்க வந்த முதல் ஆள் நான்தான். கல்லூரியில் சேர்ந்த அன்று அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இனிமே உனக்குச் சொல்லிக் குடுக்க என்கிட்ட ஒன்னும் இல்லப்பா. வாத்தியார் சொல்றதக் கேட்டுக்க."

அது உண்மையில்லை என்று எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது.

அப்பா சைக்கிளை ஓவராயில் பண்ணும்போது ஒருநாளும் வெறுந்தரையில் சக்கரத்தைப் பிரிக்கமாட்டார். முதலில் சாக்கை விரிப்பார். நாலு ஓரத்தையும் கொஞ்சம் மடித்து வரப்பு மாதிரி வைப்பார். பக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிய பிஸ்கட் டப்பா மூடி. கோனைக் கழற்றியதும் குண்டுகளை அதில் போட்டு எண்ணுவார். சாதாரண சைக்கிளில் முன்சக்கரத்துக்கு ஒரு பக்கம் 10, இரண்டு பக்கமும் சேர்த்து 20 குண்டு. பின்சக்கரத்துக்கு ஒரு பக்கம் 9, மொத்தம் 18. முன்னால் போடுவது 3/16 இஞ்ச், பின்னால் போடுவது கால் இஞ்ச். எழுதப் படிக்கச் சிரமப்படும் மனுஷன், கண்ணால் பார்த்தே இரண்டையும் பிரித்து வைப்பார். கழற்றும்போது ஒரு எண்ணிக்கை, மாட்டும்போது ஒரு எண்ணிக்கை. இரண்டும் ஒத்துவந்தால்தான் நட்டை முறுக்குவார்.

ஒரு குண்டு குறைந்தால்? "அசையாதே!" என்பார். காலை எடுத்து வைக்கக் கூடாது. நம்ம செருப்புதான் குண்டை மண்ணுக்குள் அமுக்கிவிடும். சின்ன வயசில் எனக்கு இதெல்லாம் அலுப்பாக இருக்கும். ஒருநாள் பால்காரரின் சைக்கிள் காத்திருந்தது. நான், "புதுக் குண்டு ஒன்னு போட்டு அனுப்புங்கப்பா, அது என்ன பெரிய விலையா?" என்று கேட்டேன். அதற்கு அவர், "விலைக்காகத் தேடலடா. அது எங்க போச்சுன்னு தெரியாம சக்கரத்தைப் பூட்டி, ரெண்டு கேன் பாலோட அந்த மனுஷன ரோட்டுல அனுப்பச் சொல்றியா? எனக்குத் தூக்கம் வராது" என்றார். ஃப்ரீவீல் பல்லுக்கு இடையில் ஒட்டிக்கொண்டிருந்த குண்டு பத்து நிமிஷத்தில் கிடைத்தது.

போன வருஷம் எங்கள் லேபில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு சக்கர வண்டி என்ஜின் ஒன்றைப் பிரித்து மாட்டும் பயிற்சி. பிஸ்டன் பின்னைப் பிடித்துக்கொண்டிருக்கும் சர்கிளிப்பை என் நண்பன் ஒருவன் கழற்றிக்கொண்டிருந்தான். பெயர் வேண்டாம். பிளையர் வழுக்கியது. 'டிங்' என்று ஒரு சத்தம். சர்கிளிப்பைக் காணோம்! கீழே கிராங்க்கேஸ் வாய் திறந்தே கிடந்தது.

அவன் முகம் வெளுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போய் ஃபீஸ் கட்டுகிறவன் அவன். "சார் கேட்டா ஃபைன் போடுவாருடா. பெட்டியில வேற கிளிப் இருக்கு. பேசாம அதை மாட்டிடலாம்" என்றான் மெதுவாக. எங்கள் குரூப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. ஃபைன் என்ற வார்த்தைக்கு நம்மில் பல பேருக்கு வயிறு கலங்கும். வீட்டுக்குப் போன் பண்ணிப் பணம் கேட்க வேண்டும். அங்கே அது அரிசிக் காசாக இருக்கும். அந்தப் பயத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

எனக்கு அப்பாவின் பால்காரர் ஞாபகம் வந்தது. அவன் காதில், "உள்ள போயிருந்தா என்னடா பண்றது? அடுத்த பேட்ச் பசங்க கிக்கரை மிதிப்பாங்களே" என்றேன். அவன் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு அவனே நேராகப் போய், "சார், கிளிப் ஒன்னு விழுந்துருச்சு. எங்கன்னு தெரியல. உள்ள போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டான்.

சார் திட்டவில்லை. "சொன்னியே, அதுவே பாதி கிடைச்ச மாதிரி" என்றார். "யாரும் கிராங்க்கைச் சுத்தாதீங்க" என்று முதலில் சொல்லிவிட்டு, எங்களைத் தரையில் தேடவிட்டார். கிடைக்கவில்லை. பிறகு நாலு பேரை விட்டு என்ஜினைத் தூக்கிக் கிராங்க்கேஸ் வாய் கீழே பார்க்கும்படி கவிழ்க்கச் சொல்லி, மரச்சுத்தியால் லேசாகத் தட்டினார். மூன்றாவது தட்டில் காகிதத்தின் மேல் 'டக்' என்று விழுந்தது சர்கிளிப்! அன்று நாங்கள் போட்ட கூச்சல் பக்கத்து லேப் வரை கேட்டது. ஃபைனும் இல்லை, ஒன்றும் இல்லை. "கிளிப்பைத் தொடுறதுக்கு முன்னாடி அந்த வாயில துணியை அடைக்கணும். இனிமே துணி இல்லாம வேலை இல்ல" என்றார் சார். இன்றுவரை அதுதான் எங்கள் லேப் வழக்கம்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை லைப்ரரியில் தேடிப் படித்தேன். 2007 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் ஒக்கினாவாவில், நாஹா விமான நிலையத்தில், சைனா ஏர்லைன்ஸின் போயிங் 737-800 விமானம் ஒன்று தரையிறங்கி நிறுத்தப்பட்ட சற்று நேரத்தில் தீப்பிடித்து வெடித்தது. நல்லவேளை, உள்ளே இருந்த 165 பேரும் உயிர் தப்பினார்கள். காரணம் என்ன தெரியுமா? இறக்கையின் முன்பகுதியில் ஒரு போல்ட்டில் இருக்க வேண்டிய வாஷர் இல்லை. அது இல்லாததால் நட்டோடு போல்ட் நழுவி உள்ளே விழுந்து, அந்த முன்பகுதி உள்ளே இழுக்கப்படும்போது எரிபொருள் டாங்கைத் துளைத்துவிட்டது. சுமார் ஒன்றரை மாதம் முன்பு நடந்த பராமரிப்பு வேலையின்போது அந்த வாஷர் கழன்று விழுந்திருக்க வேண்டும் என்பது ஜப்பானிய விசாரணையின் முடிவு. ஒரு வாஷர், நண்பர்களே!

விமானந்தாங்கிக் கப்பல்களில் விமானம் கிளம்பும் முன் ஆட்கள் வரிசையாக நின்று, குனிந்து பார்த்துக்கொண்டே தளம் முழுக்க நடப்பார்கள். கிடக்கும் ஆணி, கம்பித்துண்டு, கல் எல்லாவற்றையும் பொறுக்குவார்கள். ஆபரேஷன் தியேட்டரிலும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கருவி, பஞ்சு, ஊசி எல்லாம் எண்ணிச் சரிபார்த்தாயிற்றா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு பிஸ்கட் டப்பா மூடிதான் கண்ணில் தெரிந்தது.

தேடுவதிலும் படிப்பு இருக்கிறது. எஃகுக் குண்டு சிமெண்ட் தரையில் விழுந்தால் துள்ளிப் போகும். புழுதியில் விழுந்தால் அங்கேயே உட்காரும். வாஷர் விளிம்பில் நின்றுவிட்டால் காசு மாதிரி ஓடி, வளைந்து திரும்பிப் படுக்கும். ஸ்க்ரூவுக்குத் தலை பெரிது, நுனி சிறிது. அதனால் நேராக ஓடாது, வட்டமடிக்கும். ஆறுபட்டை நட்டு உருண்டு அதிக தூரம் போகாது. ஸ்பிரிங்கும் சர்கிளிப்பும்தான் எமகாதகர்கள், தெறித்துப் பறக்கும்.

ஆகவே, விழுந்ததும் வேலையை நிறுத்துங்கள். மெஷினாக இருந்தால் மெயினை ஆஃப் செய்யாமல் கையை உள்ளே விடாதீர்கள். காலை நகர்த்தும் முன் உங்கள் சட்டைப்பை, மடித்துவிட்ட கை, பேண்ட் மடிப்பு எல்லாம் பாருங்கள். பாதி நேரம் அங்கேதான் இருக்கும். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் தரையோடு தரையாக வைத்து அடியுங்கள். சின்னப் பொருளுக்கும் நீள நிழல் விழும். அதே மாதிரி இன்னொன்று இருந்தால் அதே இடத்திலிருந்து, கண் வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். அண்ணன் போன வழியைத் தம்பி காட்டுவான். காந்தம் நல்லதுதான், ஆனால் பித்தளையையும் அலுமினியத்தையும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அது இழுக்காது. என்ஜினுக்குள் விழுந்தது என்று சந்தேகம் இருந்தால் ஏர் அடிக்கவே அடிக்காதீர்கள். இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

எல்லாவற்றுக்கும் முதலில், "விழுந்துருச்சு" என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். கூட இருப்பவன் சொன்னால் சிரிக்காதீர்கள், அவனோடு சேர்ந்து குனியுங்கள். நாளைக்கு நாம் ஓசூர், கோயம்புத்தூர், ஸ்ரீபெரும்புதூர் என்று டிரெயினியாகப் போவோம். அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் இதைவிடப் பெரிதாக இருக்கும். ஆனால் நாம் மூடி அனுப்பும் மெஷினில் கை வைக்கப் போவதும், வண்டியில் ஏறப் போவதும் நம்ம வீட்டு ஆட்கள் மாதிரி யாரோ ஒருவர்தான். அவருக்கு உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாது. தெரிந்தவன் நாம் மட்டும்தான்.

சர்கிளிப் கதையை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் மரப்பெட்டியைக் கிளறி, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைத் துணியால் துடைத்து, புதுக் கயிறு கட்டி என் கையில் கொடுத்தார். "உங்க காலேஜுல இதெல்லாம் ஏத்துக்குவாங்களா?" என்று கேட்டார்.

ஏற்றுக்கொண்டார்கள் அப்பா. லேபில் டூல் போர்டின் கடைசி ஆணியில் தொங்குகிறது. ஜூனியர்கள் எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். எடுத்த இடத்தில் திரும்ப மாட்டிவிடுங்கள், அது போதும்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்