சால் உத்தரம், பிளாட் தரை

மும்பை ஹார்பர் ரயில் பாதையில் ரே ரோடு நிலையத்துக்கு அருகே ஒரு சாலையின் பெயர் லக்டி பந்தர். மரம் இறங்கும் துறை என்று பொருள். கப்பலில் வந்த பர்மா தேக்கு, பழைய பம்பாய்க்கு உத்தரமும் படிக்கட்டும் பால்கனிச் சட்டமும் ஆனது. 1937 வரை பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்தான். அது உள்நாட்டுச் சரக்கு. 1863இல் தொடங்கிய பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கும் மண்டலே அரசவைக்கும் தேக்குத் தீர்வையில் வந்த தகராறைச் சாக்காக வைத்தே 1885இல் ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். ஒரு மரக் கணக்கில் ஒரு ராஜ்ஜியம் போயிற்று.

தேக்கு என்பது நம் சொல். மலையாளத்திலும் அதுவே. போர்த்துகீசியர் வாயில் தேகா ஆகி, ஆங்கிலத்தில் டீக் ஆகி, இன்று 'ரீக்ளெய்ம்ட் பர்மா டீக்' என்ற மினுக்கலோடு மும்பை உள் அலங்கார நிபுணர்களின் கையேட்டில் திரும்பி வந்திருக்கிறது. மரவாடியில் மட்டும் அது சாக்வான்.

திரும்பி வரும் வழிதான் கவனிக்க வேண்டியது. கிர்காவிலும் லால்பாக்கிலும் சால் எனப்படும் ஒண்டுக்குடித்தனக் கட்டடங்கள் இடிபடுகின்றன. பழைய மர வியாபாரிகள் உத்தரங்களைக் கன அடிக் கணக்கில் வாங்குகிறார்கள். அறுப்பதற்கு முன் ஆணி பிடுங்க வேண்டும். உள்ளே புதைந்த ஒரு துருப்பிடித்த ஆணி போதும், ரம்பத்தின் பல் போய்விடும். ஆகவே குறடும் சுத்தியலுமாக ஒருவர் நாள் முழுக்க உத்தரத்தைத் தட்டித் தடவிக்கொண்டிருப்பார். மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்ப்பதுபோல.

கிராக்கிக்குக் காரணம் உண்டு. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஈக்வடாரிலிருந்தும் கானாவிலிருந்தும் வருவது இளம் தோட்டத்துத் தேக்கு. வெள்ளை அதிகம், வைரம் குறைவு. சால் உத்தரமோ காட்டில் நின்று முற்றிய மரம். போதாததற்கு, பல பத்தாண்டு மழைக்காலங்களைப் பார்த்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது.

மும்பையில் மரத் தரைக்கு எதிரி காற்று. ஜூலையில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல், ஏ.சி. போட்ட படுக்கையறையில் அதைவிட வெகு குறைவு. மரம் குடிக்கிறது, உலர்கிறது. பலகை ஓரம் தூக்கிக்கொள்கிறது. அதனால்தான் சுவரோரம் 10 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு, மேலே ஒரு சட்டத்தால் மறைக்கிறார்கள். ஐரோப்பிய மோகத்தில் ஓக் கேட்பவர்கள் உண்டு. தேக்கோடு ஒப்பிட்டால் ஓக் உலரும்போது கிட்டத்தட்ட இரு மடங்கு சுருங்கும். 'உட்டன் புளோரிங்' என்று கிடைப்பதில் பெரும்பகுதி லேமினேட். அதாவது, அழுத்திய மரத்தூள் பலகையின் மேல் ஒட்டிய மரத்தின் புகைப்படம். தண்ணீர் கொட்டினால் அந்தப் புகைப்படம் உப்பும்.

அடுத்தது மெருகு. ஜார்க்கண்டில் குசும், பலாசு, இலந்தை மரங்களில் ஒரு பூச்சி சுரப்பது அரக்கு. அதைச் சுத்தம் செய்து செதில் செதிலாக எடுத்தால் அவல்போல இருக்கும்; தமிழில் அவலரக்கு என்றே பெயர். அதை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டணத்தால் வட்டம் வட்டமாகத் தேய்த்து ஏற்றுவதே பிரெஞ்சு பாலிஷ். உச்சபட்ச அழகு, ஆனால் ஒரு சொட்டு விஸ்கி பட்டால் வெள்ளைத் தழும்பு விழும். கால் படும் தரைக்கு ஆகாது. எனவே பாலியூரித்தேன் பூசுகிறார்கள். கண்ணாடி மாதிரி பளபளக்கும். கீறல் விழுந்தால் ஓர் இடத்தை மட்டும் சரிசெய்வது கடினம்; பெரும்பாலும் அறை முழுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பளபளப்புத்தான் வேண்டுமென்றால் டைல்ஸ் போதுமே. பழைய தேக்குக்கு எண்ணெய் மெருகுதான் பொருத்தம். மங்கலாக இருக்கும், ஆனால் கீறிய இடத்தில் மட்டும் தேய்த்துவிட்டுப் போகலாம். அடைமழையில் அவலரக்கும் மெலமைனும் பால்போல வெளுத்துவிடும் என்பதால், மழைக்காலத்தில் பாலிஷ்காரர்கள் பலர் வேலையைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

சால் இருந்த மனையில் பல இடங்களில் இரண்டு கட்டடங்கள் எழும்புகின்றன. ஒன்று பழைய வாடகைதாரர்களுக்கு. விதிப்படி குறைந்தது 300 சதுர அடி, தரையில் பெரும்பாலும் டைல்ஸ். அவர்களுக்கு அது லாபம்தான்: சொந்த வீடு, சொந்தக் கழிப்பறை, ஒழுகாத கூரை. இன்னொன்று விற்பனைக்கான கோபுரம். எங்கோ இடித்த சாலின் உத்தரம் அதில் ஏறிப் பலகையாகப் படுத்திருக்கும்.

அந்தப் பலகைகளில் ஆணி இருந்த இடமெல்லாம் வட்டமாகக் கறுத்திருக்கும். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் கலந்த கறை அது. எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போவதில்லை. சிலர் மக்கு வைத்து அடைக்கச் சொல்கிறார்கள். சிலர் அது தெரிந்தால்தான் பழைய மரம் என்று விருந்தாளி நம்புவார் என்று, கறுப்புப் புள்ளி உள்ள பலகைகளை வரவேற்பறைக்கென்று பொறுக்கி எடுக்கிறார்கள்.