புதிய பயிற்றுநரும் பழைய எதிர்பார்ப்பும்

எதிர்பார்ப்பு மனிதனுக்கு இயல்பானது. எனினும் அது எவர்மீது, எவ்வளவு காலத்துக்கு வைக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தே துணையாகவோ சுமையாகவோ அமைகின்றது. கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சவளக்கடைக்குச் செல்வோர் பரந்த வயல்வெளியைக் காண்பர். அங்கு வாழ்வோர் காத்திருக்கத் தெரிந்தவர்கள். மூன்றரை மாத நெல்லை விதைத்துவிட்டு இருபதாம் நாளிற் கதிரைத் தேடுபவர் அவர்களுள் எவருமிலர். அத்தகையோரே உதைபந்தாட்ட மைதானத்தின் ஓரத்தில் நிற்கும்போது வேறு மனிதராகிவிடுகின்றனர்.

சவளக்கடை விவசாயி ஒருவரின் மகன் கல்முனைப் பக்கத்துக் கல்லூரியொன்றின் அணியில் ஆடிவந்தான். பல ஆண்டுகள் தோல்வியையே கண்ட அவ்வணிக்கு மாரிப் போக விதைப்புக் காலத்திற் புதிய பயிற்றுநர் ஒருவர் வந்தார். உடனே ஊரின் பேச்சு மாறிற்று. தேநீர்க் கடையிலும், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்திலும், இவ்வாண்டுக் கிண்ணம் நமக்கே என்று முடிவு கட்டப்பட்டது. வயல் குடலைப் பருவத்தை அடைந்த வேளையில் முதற் போட்டி நடைபெற்றது. அணி தோற்றது. ஆளை மாற்ற வேண்டும் என்று உரத்துக் கூவியோருள் அத்தந்தையும் ஒருவர்.

அன்றிரவு மகன் தாழ்ந்த குரலிற் சொன்னான்: “வாப்பா, சேர் இன்னும் எங்களுக்குப் பந்த நிப்பாட்டத்தான் சொல்லித் தாறார். அடிக்கிறதெல்லாம் அதுக்குப் பொறகுதானாம்.”

தந்தை விடை கூறவில்லை. தாம்போதியை வெள்ளம் மூடிய நாள்களில் மகன் பயிற்சிக்கே போகாதிருந்தமை அவருடைய நினைவுக்கு வந்தது. அந்நாள்களை மைதானத்தில் நின்றபோது அவர் கணக்கிற் கொள்ளவில்லை.

பயிற்றுநரின் நிலையை விளங்கிக்கொள்ள வட்டை விதானையின் நிலையை நோக்குதல் போதுமானது. வாய்க்காலில் வரும் நீரை முறைப்படி பங்கிட்டு, கடைசி வயலுக்கும் சேரச் செய்வது அவருடைய கடமை. ஆனால் சேனாநாயக்க சமுத்திரத்தில் இல்லாத நீரை அவராற் கொணர இயலாது. மூடிய மதகைத் தாமே திறக்கவும் இயலாது. இலங்கைத் தேசிய அணியின் அண்மைக்கால வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 2020 முதல் 2024 வரை அமிர் அலாகிச், அன்டி மொரிசன், அப்துல்லா அல்முதைரி எனப் பயிற்றுநர்கள் மாறினர். ஒவ்வொருவர் வரவிலும் நம்பிக்கை புதிதாய்த் துளிர்த்தது. ஆயினும் 2023 ஜனவரியில் நிர்வாகச் சிக்கல் காரணமாகச் சர்வதேச சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்ட் வரை, பயிற்றுநர் எவராயினும், நாட்டுக்குச் சர்வதேசக் களம் இருக்கவில்லை.

காலம் கொடுக்கப்பட்ட பயிற்றுநர் ஒருவரின் வரலாறும் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் அடிப்படையிற் பாடசாலை ஆசிரியர். 1950இல் இந்திய அணியின் பயிற்றுநரானார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடிய அவ்வணி, யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று எனத் தோற்றது. இன்றைய பார்வையாளர் அன்றே அவரை வழியனுப்பியிருப்பர். அவரோ நீடித்தார். 1956இல் மெல்பேணில் அவருடைய அணி நான்காமிடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் முதற் போட்டியில் தென்கொரியாவிடம் தோற்றபோதும், இறுதிப் போட்டியில் அதே அணியை இரண்டுக்கு ஒன்று என வென்று தங்கம் பெற்றது. அப்போது புற்றுநோயால் வருந்திய ரஹீம் அடுத்த ஆண்டு மறைந்தார். தொடக்கத்துக்கும் அத்தங்கத்துக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள்!

இதனால் ரசிகர் எதையும் எதிர்பார்க்கலாகாது என்பதன்று. எதிர்பார்ப்பற்ற மைதானத்தில் ஆட எந்த மாணவனுக்கும் மனம் வராது. சோம்பும் பயிற்றுநரைக் கேள்வி கேட்பதும் முறையே. ஆனால் விளைச்சலைக் கேட்பவர் விதைப்பையும் நீரையும் பற்றிக் கேட்க வேண்டும். பயிற்சிக்கு எத்தனை நாள் கிடைத்தது, மைதானம் எந்நிலையில் உள்ளது, ஆற்றுக்கு அப்பாலுள்ள மாணவன் எவ்வாறு வந்து சேர்வான் என்பன கேட்கப்படாதவரை, வெற்றி மட்டும் கேட்கப்படுவது நீதியாகாது.

அடுத்த வாரம் தந்தை மகனுடன் பயிற்சியைக் காணச் சென்றார். உயர்ந்து வந்த பந்தொன்றை மகன் காலில் ஏற்று நிறுத்தினான். பந்து காலைவிட்டு விலகவில்லை. முன்னர் அவனுக்குக் கைவராத வித்தை அது. பயிற்சி முடிந்ததும் அவர் பயிற்றுநருக்கு ஸலாம் கூறி, மறுபடி வெள்ளம் வந்தால் பிள்ளைகளை எப்படி அழைத்துவருவது என்று வினவினார். அவர் பயிற்றுநரிடம் கேட்ட முதற் கேள்வி அதுவே.