அப்பாவின் காரும் அந்த ஏழு இலக்கங்களும்

அமெரிக்காவில் ஒரு சிறிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் ஷெட்டின் கதவைத் தூக்கிவிட்டு ஒதுங்கி நிற்கிறார் ஒரு பெண். உள்ளே 1967-ம் ஆண்டு செவர்லே கார்வெட். அவருடைய அப்பாவின் கார். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. வீட்டை விற்கப்போகிறார்கள். காரும் போயாக வேண்டும்.

``ஃபேக்டரியில வெச்ச அதே இன்ஜின்தான். அப்பா அடிக்கடி சொல்வார்'' என்கிறார் மகள். பார்க்க வந்த பெரியவர் தலையை மட்டும் ஆட்டுகிறார். அவர் வேலையே பழைய கார்வெட்டுகளின் இன்ஜின் நம்பர்களைச் சரிபார்ப்பதுதான்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பெரிய விலை உண்டு. 1967-ல் தயாரான கார்வெட்டுகள் 22,940. அவற்றில் 435 குதிரைசக்தி கொண்ட 427 இன்ஜினுடன் வந்தவை 3,754 மட்டுமே. அன்று அந்த இன்ஜினுக்குக் கூடுதலாகக் கொடுத்தது சுமார் 437 டாலர். அதைவிட அபூர்வமான எல்88 இன்ஜினோடு அந்த ஆண்டு வந்தவை 20 கார்கள்தான். அதில் ஒன்று 2014-ல் ஏலத்தில் 38.5 லட்சம் டாலருக்குப் போனது. காரோடு பிறந்த இன்ஜின் என்றால் ஒரு விலை, மாற்றிய இன்ஜின் என்றால் வேறு விலை. இந்த இடைவெளியில்தான் போலி நம்பர்கள் பிறக்கின்றன.

பெரியவர் வலதுபக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் குனிகிறார். அங்கே இன்ஜின் பிளாக்கில் ஒரு சின்னத் தட்டையான இடம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் மெதுவாகத் துடைக்கிறார். உப்புத்தாள், கம்பி பிரஷ் எதையும் அங்கே வைக்கக் கூடாது. சுரண்டினால் சாட்சியே அழிந்துவிடும்.

பிசுக்கு விலகியதும் எழுத்துகள் தெரிகின்றன: `டி0315ஜேஇ'. `டி' என்றால் நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டா இன்ஜின் ஆலை. 0315 என்றால் மார்ச் 15. `ஜேஇ' என்பது 435 குதிரைசக்தி இன்ஜினுக்கான குறியீடு. பக்கத்திலேயே ஏழு இலக்கங்கள். முதல் 7, ஆண்டைக் குறிப்பது. மற்ற ஆறும் காரின் வரிசை எண். காரில் இருக்கும் நம்பரோடு அப்படியே பொருந்துகிறது.

மகள் முகத்தில் நிம்மதி. பெரியவர் முகத்தில் இல்லை.

டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கிறார். எழுத்துகளைவிட, அவற்றுக்கு அடியில் இருக்கும் உலோகத்தைத்தான் அவர் பார்க்கிறார். ஆலையில் பிளாக்கின் மேற்பரப்பைச் சீவும்போது, முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்கோடுகள் விழும். எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல் அடிக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கேயோ வளைந்த கீறல்கள். பின்னாளில் ஏதோ ஒரு பட்டறையில் சுழலும் கட்டரால் சீவியிருக்கிறார்கள். இன்ஜினைப் பிரித்துப் பழுதுபார்க்கும்போது அப்படிச் சீவுவது வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால், சீவினால் பழைய நம்பரும் சேர்ந்து போய்விடும். இங்கே நம்பர் பளிச்சென்று இருக்கிறது!

இன்னொரு விஷயம். இன்ஜின் குறியீடு டோனவாண்டாவில் அடிக்கப்படுவது. காரின் எண், கார்வெட் தயாரான செயின்ட் லூயிஸ் ஆலையில் அடிக்கப்படுவது. இரண்டு ஊர், இரண்டு கை. இங்கே இரண்டும் ஒரே எழுத்துரு, ஒரே ஆழம்.

கடைசியாக, பிளாக்கை வார்த்த தேதி. அது அச்சிலேயே வார்க்கப்பட்டு புடைத்து நிற்பதால், நம்பரைப்போல சீவிவிட்டுப் புதிதாக அடிக்க முடியாது. `இ 9 7' என்று இருக்கிறது. `இ' ஐந்தாவது மாதம். 1967 மே 9.

மே மாதம் வார்த்த பிளாக்கை மார்ச் மாதமே எப்படி இன்ஜினாகப் பூட்டியிருக்க முடியும்? குழந்தை பிறப்பதற்கு முன்பே காதுகுத்தியதுபோல!

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ``நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ ஒரு குளிர்காலம் முழுக்க இந்த கார் இன்ஜின் இல்லாம நின்னுச்சு. அப்பா அதுல ரேஸ் ஓட்டுவார்'' என்கிறார். நம்பரை அடித்தது யார்? அப்பாவா, பட்டறைக்காரரா? கேட்டுத் தெரிந்துகொள்ள இன்று யாரும் இல்லை. அதுதான் அவரை அதிகம் குத்துகிறது.

``எனக்குத் தெரிஞ்சதை நான் மறைக்க மாட்டேன். விளம்பரத்துல என்ன எழுதணும்ங்கிறது உங்க முடிவு'' என்கிறார் பெரியவர். கூடவே ஒரு யோசனையும் சொல்கிறார். 1967 கார்வெட்டுகளில் ஆலையிலேயே பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். அந்த கார் எந்தெந்த வசதிகளோடு வெளிவந்தது என்பது அதில் இருக்கும்.

டேங்க்கை இறக்கிப் பார்க்கிறார்கள். பழுத்துப்போன தாள், மங்கிய எழுத்து. 435 குதிரைசக்தி இன்ஜின் அதில் இருக்கிறது. அப்பா சொன்னதில் பாதி உண்மை. இந்த கார் அந்த இன்ஜினோடுதான் பிறந்தது. இப்போது உள்ளே இருப்பதுதான் அது இல்லை.

அன்று இரவு மகள் விளம்பரத்தை எழுதுகிறார். `டேங்க் தாள் உள்ளது. இன்ஜின் மாற்றப்பட்டது. அதிலுள்ள நம்பர் பின்னாளில் அடிக்கப்பட்டது.' மே 9 என்று காட்டும் அந்த வார்ப்புத் தேதியையும் படமெடுத்துச் சேர்க்கிறார். விலைக் கட்டத்தில் முதலில் போட்ட தொகையை அழித்துவிட்டு, குறைந்த தொகை ஒன்றைப் போடுகிறார்.

கடைசியில் யாரும் கேட்காத ஒரு வரியையும் சேர்க்கிறார்: `என் அப்பா இதில் ரேஸ் ஓட்டினார்.'