மஃரிப் வரை காத்திராதீர்!



ரமளான் மாலையில் நெஞ்சு கனத்தால், "வெறும் வயிற்று வாயுதான், மஃரிப் வரை பொறுப்போம்" என்று இருந்துவிடாதீர்கள். இதயத்தின் இரத்தக் குழாயை உறைகட்டி அடைத்துவிட்டால், கழியும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மடிகிறது. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் கடும் வலியின்றி வியர்வை, மூச்சுத் திணறல், தாடை வலி, குமட்டல் மட்டுமே தோன்றக்கூடும்.

என் உம்மாவுக்கு அஸருக்குப் பின் அவ்வாறுதான் வியர்த்துக் கொட்டியது. "இன்னும் ஒரு மணி நேரம்தானே! நோன்பை முறிக்கமாட்டேன்" என்றார்கள். நோயுற்றவர் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளும் சலுகையை அல்லாஹ்வே அளித்திருக்கிறான் என்று வாப்பா எடுத்துரைத்த பிறகே இசைந்தார்கள். 108 வண்டியில் விரைந்தோம். ஈ.சி.ஜி. மாரடைப்பைக் காட்டியது. ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் செய்து, தாமதமின்றி அடைப்பை நீக்கினார்கள். அல்ஹம்துலில்லாஹ், உம்மா நலமடைந்தார்கள்.

மருத்துவமனை சேர்ந்த 10 நிமிடத்திற்குள் ஈ.சி.ஜி., 90 நிமிடத்திற்குள் பலூன் சிகிச்சை, அவ்வசதி எட்டாத ஊரில் உறைகட்டியைக் கரைக்கும் ஊசி என்பதே மருத்துவர்களின் இலக்கு. அவர்கள் எண்ணிச் செலவிடும் நிமிடங்களை நாம் வீட்டிலேயே வீணாக்கலாமா?

உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவதும் இபாதத்தே!