எந்தப் பக்கத்து அறை?

நியூயார்க் நகரத்தில் உல்லாசக் கப்பல் ஏறப் போகும் குடும்பங்களை ஒரு கவலை பிடித்து ஆட்டுவதுண்டு: துறைமுகக் காட்சிக்கு எந்தப் பக்கத்து அறை உசிதம்?

மன்ஹாட்டன் தீவின் மேற்குக் கரையிலிருந்து கிளம்பும் கப்பல், ஹட்ஸன் நதியில் தெற்கு நோக்கிச் செல்கிறது. அப்போது வானளாவும் மாளிகைகள் யாவும் இடப்புறம்; 1886-இல் திறக்கப்பெற்ற சுதந்திர தேவியின் சிலையோ வலப்புறம். திரும்புகையில் பக்கம் மாறும். ஆனால் அது பெரும்பாலும் பிரயாணிகள் உறங்கும் விடியற்காலை! ஆகவே, எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஒரு பக்கத்து ஜன்னலில் இரண்டும் ஒருங்கே அகப்படமாட்டா.

சிலைக்கு அருகே இருக்கிறது எல்லிஸ் தீவு. 1892 முதல் 1954 வரை அங்கே பரிசோதிக்கப்பட்டுக் குடியேறியவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் கப்பலின் அடித்தட்டில் நெருக்கியடித்து வந்த ஏழைகள். மேல்தளத்திற்கு ஏறி வந்தே அவர்கள் தேவியைத் தரிசித்தார்கள். அப்பால், 1964-இல் திறந்த வெரஸானோ பாலம் தலைக்கு மேலே கடந்து செல்வதையும் மேல்தளத்தில் நின்றுதான் பார்க்கவேண்டும்.

அறையை உறக்கத்திற்காகத் தேர்ந்தெடுங்கள். கப்பலின் நடுவே, கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. ஜன்னலில்லாத உள்ளறைக்கு வாடகையும் குறைவு. காட்சிக்கு மேல்தளம் இருக்கிறது. அங்கே முந்தி வந்தவருக்கே முன்னிடம். உள்ளறைக்காரருக்கும் மாடத்து அறைக்காரருக்கும் பேதமில்லை.