புகைச்சல்

தமிழ் மக்கள் சினத்தைக் குறிக்க வழங்கும் சொற்களுள் பல அடுப்பங்கரையில் பிறந்தவை. ஒருவன் கொதித்தான் என்பர். எரிந்து விழுந்தான் என்பர். பொரிந்து தள்ளினான் என்பர். உலையையும் விறகையும் வாணலியையும் நாள்தோறும் கண்டவர் ஆக்கிய சொற்கள் இவை. புகைதல் என்னும் சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அதன் இயல்பு வேறு. கொதிப்பவன் சினத்தை ஊர் அறியும். ஒரு நாழிகையில் அது அடங்கியும் விடும். புகைகின்றவன் சினத்தை அண்டை வீட்டாரும் அறியார். அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

புகைச்சல் என்பதற்கு மூன்று பொருள்கள் வழங்குகின்றன. புகை எழுதல் ஒன்று. தொண்டையில் உண்டாகும் கமறலும் வறட்டு இருமலும் மற்றொன்று. மனத்துள் அடங்கிக் கிடக்கும் பகையும் பொறாமையும் மூன்றாவது. உடன்பிறந்தார் இருவர் பாகப்பிரிவினைக்குப் பின் பேசிக்கொள்வதில்லை என்றால், ‘அவர்களுக்குள் ஏதோ புகைச்சல்’ என்று ஊரார் சொல்வர். சண்டை என்று சொல்வதில்லை. சண்டை என்றால் அது வெளியே வந்துவிட்டது என்று பொருள். தொண்டைப் புகைச்சலும் மனப்புகைச்சலும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது மிகவும் பொருத்தம். இரண்டும் உள்ளிருந்து உறுத்துவன. இரண்டும் எளிதில் வெளிவர மாட்டாதன.

புகை எப்போது எழுகிறது? விறகு உலர்ந்திருந்து காற்றும் போதிய அளவு கிடைத்தால் தீ சுடர்விட்டு எரியும். புகை மிகக் குறைவு. ஈர விறகை அடுப்பில் திணித்தாலோ, காற்றுப் புக இடமின்றி அடைத்தாலோ புகை மண்டும். புகை என்பது பெரும்பாலும் முற்றும் எரியாமல் வெளியேறும் எரிபொருளே. அந்நாளில் நம் பெண்கள் ஊதுகுழலைக் கையில் எடுத்தது இதனால்தான். மாமியார் கடிந்து சொன்ன சொல்லுக்காக அழுத மருமகள், யாரேனும் கேட்டால், ‘புகை அம்மா’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு. அவள் சொன்னது முழுப் பொய்யும் அன்று.

பண்ருட்டி வட்டாரத்தார்க்குப் புகையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. பலாவுக்குப் பெயர்பெற்ற அவ்வூர் முந்திரிக்கும் பெயர்பெற்றது. முந்திரிக்கொட்டையின் தோட்டில் ஓர் எண்ணெய் உண்டு; கையில் பட்டால் தோல் கொப்புளிக்கும். கொட்டையைத் தீயில் வறுக்கும்போது அந்த எண்ணெய் எரிந்து கரும்புகையாக எழும். அப்புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையை அடைக்கும். உள்ளே இருக்கும் பருப்போ வெண்மையும் இனிமையும் உடையது. அவ்வூர் வழியே ஓடும் இரயிலை இன்றும் சிலர் புகைவண்டி என்பர். கரி தின்ற எஞ்சின் போய்விட்டது. சொல் மட்டும் போகவில்லை.

பண்ருட்டிக்குத் தென்மேற்கே சிறிது தொலைவில் இருப்பது நெய்வேலி. நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி கிடைக்கும் அவ்விடத்தில் சுரங்கப்பணி 1957-ஆம் ஆண்டு தொடங்கியது; 1962-இல் மின்சாரம் பிறந்தது. இந்தக் கரி வெட்டி எடுக்கப்படும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். இவ்வளவு ஈரமுள்ள பொருள் எப்படித் தீப்பற்றும் என்று தோன்றும். ஆனால் யாரும் கொளுத்தாமலே அது பற்றிக்கொள்ளும்.

கரியைக் குவித்து வைத்தால் இடுக்குகளின் வழியே காற்று உட்புகுகிறது. காற்றில் உள்ள உயிர்வளியோடு கரி சேரும்போது சிறிது வெப்பம் உண்டாகிறது. மெல்லிய பரப்பாக இருந்தால் அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். பெருங்குவியலின் நடுவே அது போக வழியில்லை. வெப்பம் ஏற ஏறக் கரி மேலும் விரைவாக உயிர்வளியை ஏற்கிறது. அதனால் வெப்பம் இன்னும் மிகுகிறது. மேலே தொட்டுப் பார்த்தால் குவியல் அமைதியாகவே இருக்கும். ஒரு நாள் ஓரத்தில் மெல்லிய புகை தோன்றும். அதற்குள் உள்ளே கனல் முதிர்ந்துவிடும். நீறு பூத்த நெருப்பு என்று முன்னோர் சொன்னது அடுப்புத் தணலை. அச்சொல் இங்கேயும் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது!

இதனைத் தடுக்கக் குவியலை இறுக அழுத்திக் காற்றுப் புகாமல் செய்வர். முன்பே சூடேறிவிட்டாலோ அழுத்துவதாற் பயனில்லை. மேலே நீர் தெளித்தாலும் அது அடிவரை சென்று சேர்வது அரிது. சூடான இடத்தைத் தோண்டி, கரியை வெளியே எடுத்து, பரப்பி ஆறவிட வேண்டும்.

சினம் புகைவதும் இவ்வாறே. தமிழ் இலக்கியத்திற் சினத்துக்குப் பெரிய சான்றாக நிற்பவள் கண்ணகி. அவளிடம் புகைச்சல் இல்லை. அரசன் அவைக்குச் சென்றாள்; வழக்கை உரைத்தாள்; சிலம்பை உடைத்துக் காட்டினாள்; பிறகே மதுரை எரிந்தது. கேட்பதற்கு ஓர் அவையும் காட்டுவதற்கு ஒரு சிலம்பும் அவளுக்கு இருந்தன. வழக்குரைக்க வழியில்லாதவர் என்ன செய்வர்? தொல்காப்பியர் வெகுளிக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார்: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல். நான்கும் ஒருவர்மேல் பிறர் செய்யும் கொடுமைகள். காரணமின்றி வரும் கோபத்தை அவர் கணக்கில் கொள்ளவில்லை என்பது நினைக்கத்தக்கது.

நெய்வேலிச் சுரங்கம் விரிய விரிய, சுற்றுச் சிற்றூர்கள் நிலம் கொடுத்தன. கொடுத்த நிலத்துக்கு விலை, குடும்பத்துக்கு வேலை என்னும் பேச்சு நெடுங்காலமாக நடந்து வருகிறது. 2023 சூலைத் திங்களில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட வந்த மண்வாரி இயந்திரங்கள், பச்சைப் பயிர் நின்ற வயலில் இறங்கின. அந்நிலம் பல ஆண்டுகளுக்கு முன்னரே கையகப்படுத்தப்பட்டது. உழவர்களோ அதில் தொடர்ந்து பயிரிட்டு வந்தனர். அத்திங்களின் இறுதியில் நெய்வேலியில் நடந்த போராட்டத்தில் கல்லெறியும் தடியடியும் நிகழ்ந்தன. பயிருக்கு இழப்பீடு தருமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அன்று எழுந்த தீயை எல்லாரும் கண்டனர். அதற்கு முந்திய ஆண்டுகளின் புகையைக் கண்டவர் எத்தனை பேர்?

சினம் தணிவதற்குத் தமிழில் உள்ள சொல் ஆறுதல். ஔவையாரும் ஆத்திசூடியில் சினத்துக்கு இந்தச் சொல்லையே ஆள்கிறார். காய்ச்சிய பால் ஆறுகிறது. பட்ட புண் ஆறுகிறது. கொண்ட சினமும் ஆறுகிறது. துன்புற்றார்க்குச் சொல்லும் நல்ல சொல்லுக்கும் ஆறுதல் என்றே பெயர். பாலை ஆற வைப்பவள் பாத்திரத்தை மூடி வைப்பதில்லை. அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, காற்றுப் பட வைத்து, கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்கிறாள்.