ஓமந்தூர்த் தெருவில் ஒரு கோலம்

திந்திரிணி என்றால் புளி. அந்த வனம்தான் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். அவ்வூரில் உறவினர் வீட்டில் இரவைக் கழித்துவிட்டு, மார்கழி மாதத்து விடியற்காலையில் புதுச்சேரித் திசையாகப் புறப்பட்டு, நானும் என் தாயாரும் ஓமந்தூர் போய்ச் சேர்ந்தோம். ஓமந்தூர் என்றதும் நேயர்களுக்கு ஓ. பி. ராமசாமி ரெட்டியாரின் ஞாபகம் வருவது இயல்பே. 1895-இல் இங்கே பிறந்து, 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர். ஊரில் அவருக்கு மணிமண்டபமும் உண்டு. ஆனால் நாங்கள் வந்த காரியம் அற்பமானது. ஒரு தலையணை உறையில் பூத்தையல் போடுவதற்கு மாதிரி தேடி வந்தோம்.

தலையணை உறைக்காக ஒரு பிரயாணமா என்று சிரிக்க வேண்டாம். உறை என் தாயாருக்கு. இரண்டு வருஷமாக அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. அறுபது வருஷம் நாள் தவறாமல் வாசலில் கோலமிட்ட கை இப்போது மடியில் சும்மா கிடக்கிறது. அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் காலையில் நான் அவசரமாகக் கிறுக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடும் கோலத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

முதலில் நான் மாதிரிப் புத்தகங்களைத்தான் புரட்டினேன். ரோஜாக் கூடை, அன்னப் பறவை, ஓட்டுவீட்டின் முன் குடை பிடித்த சீமாட்டி. ஒரு ரோஜாவைத் தேர்ந்தெடுத்து, கதர்த் துணியில் குறுக்குத் தையலாகப் போடத் தொடங்கினேன். நான்காம் நாள் பார்க்கையில் ரோஜா நெட்டையாக வளர்ந்து வெண்டைக்காய் மாதிரி ஆகிவிட்டது! பிழை புத்தகத்தில் இல்லை. குறுக்குத் தையலுக்கு இழையை எண்ண வேண்டும். பாவும் ஊடும் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையாக இருந்தால்தான் கட்டம் சதுரமாக விழும். கையால் நூற்று நெய்த கதரில் ஓர் இழை தடிப்பு, ஓர் இழை மெலிவு. நீலகிரித் தோடர் மகளிர் வரைந்த மாதிரி எதுவும் இல்லாமல் இழையெண்ணியே கறுப்பும் சிவப்புமாக அற்புத வேலை செய்கிறார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் எடுத்துக்கொள்ளும் முரட்டு வெள்ளைத்துணி அந்த எண்ணிக்கைக்கு இடங்கொடுக்கிறது. என் கதர் கொடுக்கவில்லை. ஆகவே இழையெண்ணாத தையல், அதாவது சங்கிலித் தையல். அதற்கேற்றதாக ஒரு கோடு வேண்டும்.

"எங்க ஊர்த் தெருவைப் பார்த்திருக்கியா?" என்றார் தாயார். அவர் பிறந்தது ஓமந்தூரில்.

தெருவில் பனி விலகவில்லை. சாணம் தெளித்த வாசல்களில் பெண்கள் குனிந்திருந்தார்கள். சில வாசல்களில் சாண உருண்டையின் தலையில் பூசணிப்பூ. வர்ணப்பொடி மயில்களையும் கண்டோம். எனக்கு அவை பிடிக்கவில்லை. ஒரு வாசலில் ஓர் இளம்பெண் நாலுக்கு நாலாகப் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பாராமல் தாயாரைப் பார்த்து, "வாங்க ஆயா, உக்காருங்க" என்று திண்ணையைக் காட்டினாள்.

"நாலு இழை போட்டு முடிச்சியா?" என்றார் தாயார்.

"ஆமாம் ஆயா, நாலாச்சு."

"ஒரு வரிசை கூட்டிப் போடு. ஒரே இழையா வரும்."

அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் ஐந்துக்கு நாலு வைத்தாள். கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து, ஓரத்தில் திரும்பி, தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, ஒரு புள்ளியையும் விடாமல் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது.

கணக்குப் பாடம் நடத்தும் எனக்குச் சற்று வெட்கமாயிருந்தது. இத்தகைய கோலத்தில் இரு பக்கத்துப் புள்ளிகளுக்கும் மீப்பெரு பொதுவகுத்தி எதுவோ அத்தனை இழைகள் வரும். நாலுக்கு நாலு என்றால் நாலு. ஆறுக்கு நாலு என்றால் இரண்டு. ஐந்துக்கு நாலு என்றால் ஒன்று. ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டுச் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து வரையும் சித்திரங்களிலும் இதே விதி செல்லுகிறது. 1974-இல் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் உழைத்தவர்களும் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்துக் கட்டுரை எழுதினார்கள். என் தாயார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். "ரெண்டும் ஒரே எண்ணால வகுபடக் கூடாதுடி, அவ்வளவுதான்" என்றார்.

மாதிரி அந்தத் திண்ணையிலேயே முடிவாயிற்று. தலையணை நீளமானதாகையால் ஐந்துக்கு நாலு போதாது. நான் எட்டு என்றேன். "எட்டு வேண்டாம், ஏழு வை" என்றார். ஏழுக்கு நாலு, மூன்று அங்குல இடைவெளி. கோடு இருபத்தோர் அங்குல நீளமும் பன்னிரண்டு அங்குல அகலமும் கொள்ளும். படியெடுக்கும் காகிதம் தேவையில்லை. துணியில் பென்சிலால் இருபத்தெட்டுப் புள்ளி வைத்தால் ஆயிற்று. மொத்தக் கோடு ஏறக்குறைய ஆறு மீட்டர். நூல் தீரும்போது புது நூலைக் கடைசிக் கண்ணியில் கோத்துக்கொள்ளலாம், கோடு அறுவதில்லை. வெட்டிக்கொள்ளும் இடங்களில் மாத்திரம் ஊசியை அடியில் செலுத்தித் தாண்டிவிட வேண்டும். இல்லாவிடில் முடிச்சுப்போலப் புடைத்துக் கன்னத்தை உறுத்தும்.

நூலின் நிறத்தில்தான் எங்களுக்குள் சச்சரவு. நான் சிவப்பு வாங்கினேன். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்தான் வேண்டுமென்கிறார் அவர். அரிசிமாவு சிவப்பாகவா இருக்கும் என்று கேட்கிறார். மண் வெள்ளையாகவா இருக்கும் என்று நானும் கேட்டேன். இப்போது காவி நிறத் துணியில் வெள்ளை நூல் ஓடுகிறது. மூன்றாம் ஓரத்தைத் திரும்பியிருக்கிறேன். மாலையில் பள்ளிவிட்டு வரும்போது, நான் விட்டுப்போன இடத்திலிருந்து நாலைந்து கண்ணி கூடுதலாக இருக்கிறது. அவற்றின் நேர்த்தி என் கைக்கு வராதது. நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.